6ஆம் வகுப்புக்கு அரசு நடுநிலைப் பள்ளிக்கு மாத்தலாமா? மார்க் கம்மி, பாதி பேர் வடநாட்டுப் பசங்கன்னு சொல்றாங்க (திருப்பூர்)

நூல்கண்டு

வணக்கம்ங்க. இத்தனை நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதறது இதுதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்குங்க.

எங்க பொண்ணு மெட்ரிக் ஸ்கூல்ல அஞ்சாவது முடிச்சிருக்கா, சுமாருக்கு மேல நல்லாவே படிப்பா. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், வீட்டுக்காரர் செக்கிங் கான்ட்ராக்ட் எடுத்து பண்றார், ஆர்டர் இருந்தா உண்டு இல்லாட்டி இல்ல. போன வருஷம் ஃபீஸ் கட்ட அடகுக்குப் போன வளையல் இன்னும் வீட்டுக்கு வரல, இந்த வருஷம் 6ஆவதுன்னு சொல்லி இன்னும் ஏத்திட்டாங்க. வீட்ல இருந்து நடந்து போற தூரத்துலயே ஒரு அரசு நடுநிலைப் பள்ளி இருக்குது, 1 முதல் 8 வரைக்கும். அங்க போட்டுறலாம்னு ஒரு யோசனை.

ஆனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதிர் வீட்டு அக்கா "அங்க எட்டாவது பையனுக்கு தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியல கண்ணு"ன்னு பயமுறுத்துறாங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் யூடைஸ் நம்பர் (ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அரசு குடுக்கற குறியீடு) போட்டுப் பாருன்னாரு, 11 இலக்கம், போட்டா எத்தனை பசங்க எத்தனை டீச்சர்னு வருது, அதத் தாண்டி ஒண்ணும் புரியல. நேர்ல போய் ஹெச்எம்ம பார்த்தப்ப மறைக்காம சொன்னாங்க, 6, 7, 8 சேர்த்து நூறு பேர் சொச்சம், அதுல நாப்பது பேருக்கு மேல பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பசங்க, மீதில பாதி மதுரை தேனி ராமநாதபுரம் பக்கம் இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவங்க பசங்க. போன வருஷம் ஆறாவது ஆரம்பத்துல படிக்க வச்சுப் பார்த்தப்ப பாதிக்குப் பாதிதான் ஒரு பத்திய தடுமாறாம படிச்சாங்களாம்.

என் கேள்வி இதுதான். மார்க் கம்மியா இருக்குதுன்னா அது சொல்லிக்கொடுக்கறது சரியில்லாம கம்மியா, இல்ல வர்ற பசங்க நிலைமை அப்படிங்கறதால கம்மியா? வெளியில இருந்து பாக்கற நாம இத எப்படீங்க பிரிச்சுப் பாக்கறது? என் பொண்ணு அங்க போனா அவளும் கீழ இறங்கிருவாளா?

வெள்ளியங்கிரி_78

வேண்டாம்ங்க. வேற கம்மி ஃபீஸ் மெட்ரிக் பாருங்க. பக்கத்துல உக்காந்திருக்கற பையன் படிச்சாத்தான் நம்ம புள்ளைக்கும் படிக்கணும்னு தோணும். அரசுப் பள்ளி நல்லதுன்னு பேசறவங்க முக்காவாசிப் பேர் புள்ளைங்க எங்க படிக்குதுன்னு கேட்டுப் பாருங்க.

கணக்குவாத்தியார்

மேடம், நான் நடுநிலைப் பள்ளில பட்டதாரி ஆசிரியர், கணக்கு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், திருப்பூர்ல ஆறு வருஷம் வேலை பார்த்துட்டு இப்ப மாறுதல்ல வேற மாவட்டம் வந்துட்டேன். நீங்க கேட்ட கேள்விய எங்க சிஆர்சி கூட்டத்துல (பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் கூடற கூட்டம்) கேட்டிருந்தா எழுந்து கை தட்டிருப்பேன், ஏன்னா மேல இருக்கறவங்க கேக்காத கேள்வி அது.

முதல்ல மார்க்க நம்பாதீங்க, ரெண்டு பக்கமும். ஆறாவதுல ஒரு பருவத்துக்கு எழுத்துத் தேர்வு 60, வளரறி 40. அந்த 40 ப்ராஜெக்ட், சார்ட், சின்னச் சின்ன டெஸ்ட்டுன்னு எங்க கையில இருக்கறது, பெரும்பாலும் யாருக்கும் முப்பதுக்கு கீழ விழாது. எட்டு வரைக்கும் ஃபெயில் கிடையாது. அதனால ஒரு நடுநிலைப் பள்ளி மார்க் லிஸ்ட்ல இருந்து அந்த ஸ்கூல் நல்லதா இல்லையான்னு நானே கண்டுபிடிக்க முடியாது, வாத்தியார் நானே சொல்றேன்.

ரெண்டாவது, இந்த வருஷம் (2025) ஆறாவது வர்ற பேட்ச் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. 2020-21ல இவங்க ஒண்ணாவது. பள்ளிக்கூடமே திறக்கல. ரெண்டாவதுல 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் முதல் தடவையா க்ளாஸ் ரூம்ல உக்காந்தாங்க. அ ஆ இ ஈ எழுதிப் பழகற வயசு முழுக்க வீட்ல போயிருச்சு. உங்க பொண்ணும் அதே பேட்ச்தான், ஆனா அவளுக்கு ஆன்லைன் க்ளாஸுக்கு ஒரு போன் இருந்திருக்கும், பக்கத்துல நீங்க இருந்திருப்பீங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் போற வீட்ல இருக்கற ஒரே போன் அப்பா பாக்கெட்ல போயிரும், புள்ள கல்வித் தொலைக்காட்சி பார்த்துச்சோ கார்ட்டூன் பார்த்துச்சோ யாருக்குத் தெரியும். இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும்னு அரசுத் திட்டம் எல்லாம் வந்து ஓரளவு தூக்கி விட்டுச்சு, ஆனா பள்ளம் பெருசு. ஒரே வயசு, ஒரே பாடம், ரெண்டு ஸ்கூலுக்கும் நடுவுல தெரியற வித்தியாசத்துல பாதி இங்கயே ஆரம்பிச்சிருச்சு.

மூணாவது வடநாட்டுப் பசங்க விஷயம். இது கொஞ்சம் விளக்கமா சொல்லணும். கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்லுதுன்னா வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும், அது 4ஆவது பிரிவு. பதினொரு வயசுப் பையன் ஊர்ல பாதிப் பள்ளிக்கூடம் போனவனா இருந்தாலும் போகாதவனா இருந்தாலும் ஆறாவதுதான், சிறப்புப் பயிற்சி குடுத்து மேல கொண்டு வரணும். சட்டம் சரிதான், எனக்கு அதுல மாற்றுக் கருத்து இல்ல, ஒண்ணாவதுல பதினோரு வயசுப் பையன உக்கார வச்சா ரெண்டே நாள்ல ஓடிருவான். ஆனா அவன் செப்டம்பர்ல வந்து சேருவான், தீபாவளிக்கு கம்பெனி லீவு விட்டதும் ஊருக்குப் போவான், சட் பூஜை முடிச்சு ரயில் டிக்கெட் கிடைக்கறப்ப திரும்புவான், சில சமயம் திரும்பவே மாட்டான், நாங்க எமிஸ்ல (மாணவர் விவரம் பதியற அரசு இணையதளம்) அவன் பேர எங்க ஸ்கூல்ல இருந்து எடுத்து பொதுப் பட்டியலுக்கு தள்ளணும். நடுவுல ஒரு டெஸ்ட் வந்தா அவன் பேப்பரும் எங்க சராசரிலதான் சேரும்.

ஒரு பையன் இருந்தான் எங்கிட்ட, பீகார். போர்டுல 347 பெருக்கல் 26ன்னு எழுதுனா மத்தவன் நோட்டத் திறக்கறதுக்குள்ள 9022ன்னு எழுதி வச்சுட்டு என்னையே பார்ப்பான். அதே கணக்க "ஒரு பெட்டியில் 26 பழங்கள் உள்ளன எனில்"னு பரீட்சைல குடுத்தா வெறும் பேப்பர் வரும். கணக்கு வராத பையன்னு ரெக்கார்டு சொல்லும், எனில்ங்கற வார்த்தை அவனுக்கு வரல, அவ்வளவுதான். ஒரு நாள் எரிச்சல்ல புத்தகத்த மூடி வச்சுட்டு, "ஒரு பீஸ் மடிக்க 40 பைசா, அம்மா ஒரு நாளைக்கு 900 பீஸ் மடிச்சா எவ்ளோ"ன்னு கேட்டேன். "சார் ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டா"ன்னு திருப்பிக் கேட்டான், தமிழ்லயே. அதுக்கப்புறம் 360 சொன்னான். அந்த வருஷம் முழுக்க எங்க கணக்கு எல்லாம் பீஸ் ரேட்லதான் ஓடுச்சு.

அதனால நீங்க பிரிச்சுப் பாக்கணும்னா ஹெச்எம் கிட்ட சராசரி கேக்காதீங்க, வேற ரெண்டு கேள்வி கேளுங்க. போன ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும் இடையில போகாம இங்கயே இருந்த பசங்க, ஆரம்பத்துல எப்படிப் படிச்சாங்க கடைசில எப்படிப் படிச்சாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, எட்டாவதுல என்எம்எம்எஸ்னு ஒரு உதவித்தொகைத் தேர்வு, அத எத்தனை பேரை எழுத வச்சீங்க, எத்தனை பேர் பாஸ். அரசுப் பள்ளி, எய்டட் பசங்க மட்டும் எழுதற தேர்வு அது, மனத்திறன் 90, பாடத்துல 90, வீட்டு வருமானம் மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், தமிழ்நாட்டுக்கே 6,695 இடம்தான். ஜெயிச்சா 9ல இருந்து 12 வரை வருஷத்துக்கு 12,000. இதுக்கு வாத்தியார் ஸ்கூல் முடிஞ்சு சாயந்திரம் உக்காந்து சொல்லிக் குடுத்தாத்தான் ஆச்சு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால அந்த ஒரு லிஸ்ட்ல ஸ்கூலோட மனசு தெரியும்.

சாயப்பட்டறை

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்த நாசூக்கா விட்டுட்டார், நான் சொல்றேன். அந்த ஸ்கூல்ல "நம்ம ஆளுங்க" புள்ளைங்க ஏன் இல்லைன்னு யாராச்சும் கேட்டீங்களா? வடநாட்டுக்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளூர்க்காரங்க போயாச்சு. நான் அதே மாதிரி ஒரு ஸ்கூல்ல படிச்சவன், தொண்ணூறுகள்ல. தோட்டத்துக்காரர் பையனும் காலனிப் பையனும் ஒரே பெஞ்சு. அப்புறம் வேன் வந்துச்சு, மஞ்சள் வேன், வீட்டு வாசல்லயே நிக்கும். இங்கிலீஷ் மீடியம்னு சொல்லி போனாங்க, பாதி நிஜம், மீதி பாதி "அந்தப் பசங்களோட எதுக்கு"ங்கறது. இப்ப அதே வாய், "அங்க தரம் இல்லீங்க"ன்னு சொல்லுது. வீட்ல நோட்ட திறந்து பாக்கற ஆள் இருக்கற புள்ளைங்கள எல்லாம் வடிகட்டி எடுத்துட்டுப் போயிட்டு மிச்சம் இருக்கறவன் மார்க்க எண்ணுனா வேற என்ன வரும்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் புள்ளைங்களுக்கு தனியார்ல குடுக்கற 25 சதவீத ஆர்டிஇ சீட்டும் அதே வேலையத்தான் பண்ணுச்சு, திட்டம் தப்புன்னு சொல்லல, ஆனா ஆன்லைன்ல அப்ளை பண்ணி வருமானச் சான்று வாங்கி குலுக்கல்ல போய் நிக்கற அளவுக்கு விவரமான ஏழை வீட்டுப் புள்ளையும் தனியாருக்குப் போயிருச்சு. தனியார்ல எல்கேஜிக்கு அம்மா அப்பாவ இன்டர்வியூ பண்றாங்க, சட்டப்படி பண்ணக் கூடாது, 13ஆவது பிரிவு, யார் கேக்கறா.

வெள்ளியங்கிரி அண்ணனுக்கு, பக்கத்துப் பையன் படிச்சாத்தான் நம்ம புள்ள படிக்கும்னா அந்தப் பக்கத்துப் பையனுக்கும் அதே நியாயம் இருக்குதுல்லங்க?

நூல்கண்டு

இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்லீங்க, நன்றி. சாயப்பட்டறை சார், நீங்க சொன்னது கொஞ்சம் சுட்டுச்சு. நானும் வேன்ல அனுப்புனவதான்.

ஒரு சந்தேகம், பொண்ணு கேக்கறா, "அம்மா அங்க எல்லாரும் ஹிந்தி பேசுவாங்களா, எனக்கு ஃப்ரெண்டே கிடைக்க மாட்டாங்களா"ன்னு. யாராவது நிஜமா மாத்துனவங்க இருந்தா சொல்லுங்களேன்.

வைகைக்கரை

அக்கா நாங்க மாத்துனோம். எங்களுக்கு ஆண்டிபட்டி பக்கம், பதிமூணு வருசமா திருப்பூர்தான், நான் பவர்டேபிள்ல டெய்லர், வீட்ல கைமடி. ரெண்டு வருசம் தனியார்ல படிக்க வச்சுட்டு முடியாம மகன 6ஆவதுல அரசுப் பள்ளில போட்டோம், இப்ப ஒன்பதாவது போயிட்டான்.

முதல் மூணு மாசம் கஷ்டந்தான், பொய் சொல்லக் கூடாது. தனியார்ல இங்கிலீஷ்லயே மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன், இங்க இங்கிலீஷ் மீடியம் தமிழ் மீடியம் ரெண்டும் ஒரே ரூம்ல ஒரே டீச்சர், பாதி நேரம் தமிழ்லதான் ஓடும். நாங்க நெனச்சது இவன் மத்தவங்கள விட நல்லா இருப்பான்னு. ஆனா பாடத்த சொந்தமா எழுதுன்னு சொன்னா இவனுக்கு வரல, அங்கயே படிச்ச ஒரு புள்ள அழகா எழுதுது. அப்பத்தான் தனியார்ல வாங்குன 90 எதுக்குன்னு புரிஞ்சுது.

ஃப்ரெண்டு பத்தி உங்க பொண்ணு கவலையே பட வேண்டாம். எங்க பையனுக்கு உயிர் ஃப்ரெண்டு ஒரு ஒடிசா பையன். அவன் இவனுக்கு ஹிந்தி, இவன் அவனுக்கு தமிழ், ரெண்டும் கலந்து ஒரு பாசை பேசுனானுங்க, எங்களுக்கே விளங்கல. அவங்க அம்மாவுக்கு பேங்க்ல சலான் எழுதித் தந்தது எங்க பையன்தான். ஆனா அந்தப் பையன் எட்டாவது பாதில ஊருக்குப் போனவன் வரல. தாத்தாவுக்கு சீக்குன்னாங்க. இவன் ரெண்டு வாரம் சரியா சாப்பிடல. உங்க பொண்ணுக்கு இதுதான் வரும் அக்கா, படிப்பு இறங்கறது இல்ல, கூட்டாளி திடீர்னு காணாமப் போறது.

இன்னொண்ணு, 6ஆவதுலயே மாத்துறதுல ஒரு லாபம் இருக்கு. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாத்தான் மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத இடஒதுக்கீடு, அது 2020ல வந்தது, அடுத்த வருசம் இன்ஜினியரிங்குக்கும் குடுத்தாங்க. பொம்பளப் புள்ளைக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா காலேஜ் முடிக்கற வரைக்கும். 7ஆவதுல மாத்துனா இதெல்லாம் போச்சு. இதுக்காகவே எங்க பையன் க்ளாஸுக்கு ஆறாவதுல தனியார்ல இருந்து நாலு பேர் வந்தாங்க. எட்டுக்கு அப்புறம் சேர்க்கும்போது மட்டும் உஷாரா இருங்க, கவர்மெண்ட் எய்டட் வேற, கவர்மெண்ட் வேற, எய்டட்ல போட்டா 7.5 கிடையாது.

வெள்ளியங்கிரி_78

சரிங்க, நான் கோபமா சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். எங்க அக்கா பையன் படிச்ச அரசுப் பள்ளில கணக்கு டீச்சர் ஒரு வருஷம் முழுக்க இல்ல, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா பத்தாயிரம் சம்பளத்துக்கு ஒரு புள்ளைய போட்டாங்க, அது டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சுட்டே பாடம் எடுத்துச்சு, பாதில நின்னுருச்சு. அந்த வருஷம் போனது போனதுதான். எல்லாத்தையும் பசங்க நிலைமை, வீட்டு நிலைமைன்னு சொல்லி ஸ்கூல காப்பாத்தாதீங்க. சட்டப்படி 6 முதல் 8 வரைக்கும் 35 பேருக்கு ஒரு டீச்சர், அதுலயும் கணக்கு அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர் இருக்கணும். அந்த மூணு நாற்காலிலயும் ஆள் இருக்குதான்னு முதல்ல பார்த்துட்டு சேருங்க. மீதியெல்லாம் அப்புறம்.

கணக்குவாத்தியார்

வெள்ளியங்கிரி சார் சொன்னது நூத்துக்கு நூறு. நான் எழுத மறந்தது அதுதான். காலி இடம் இருந்தா என்எம்எம்எஸ் லிஸ்ட்டும் காலியாத்தான் இருக்கும்.

நூல்கண்டு

மறுபடி போய்ட்டு வந்தேங்க. காலைல எட்டரைக்கே போயிட்டேன், சும்மா ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னு பார்க்கலாம்னு.

மூணு பட்டதாரி டீச்சரும் இருக்காங்க. கணக்கு அறிவியல் எடுக்கற மேடம் அங்க ஒன்பது வருஷமா இருக்காங்களாம். என்எம்எம்எஸ் கேட்டேன், ஹெச்எம் முகம் அப்படியே மாறிருச்சு, பீரோவத் திறந்து ஒரு நோட்ட எடுத்து காட்டுனாங்க. போன தடவை எட்டாவதுல ஒம்பது பேர் எழுதி ரெண்டு பேர் பாஸ். அதுல ஒரு பொண்ணு அப்பா ஜார்க்கண்ட், சாயப்பட்டறைல வேலை, மூணாவதுல இருந்து இங்கயே படிச்சவ, தமிழ் மீடியம். ஜூன்ல இருந்து இருந்த பசங்க எப்படின்னு கேட்டதுக்கு அப்படி பிரிச்சு கணக்கு வைக்கலீங்கன்னுட்டாங்க, ஆனா கணக்கு மேடம் தானா ஒரு பேப்பர்ல பேர் பேரா எழுதி வச்சிருந்தாங்க, இவன் எழுத்துக் கூட்டினான், இப்ப வாக்கியம் படிக்கறான்னு. இந்த வருஷத்துல (2025-26) இருந்து ஆறாவதும் அதுக்கு மேலயும் அடிப்படை வராத பசங்களுக்கு திறன்னு தனியா ஒண்ணு வருதாம், அதுக்கு வேற டெஸ்ட் வைக்கணும்னு சலிச்சுக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் மனச உறுத்துச்சு. காலை உணவு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்தானாம். தங்கச்சி ரெண்டாவது, தட்டுல கிச்சடி வாங்கி உக்காந்து சாப்பிடுது, அக்கா ஆறாவது, யூனிபார்ம்ல தூண் பக்கத்துல சும்மா நிக்குது. அந்தச் சின்னது ஒரு வாய் எடுத்து அக்காவுக்கு நீட்டுச்சு, அவ சுத்தி யாராச்சும் பாக்கறாங்களான்னு பார்த்துட்டு வாங்கிக்கிட்டா. இந்தப் பொண்ணு முதல் பீரியட்ல கணக்குல எப்படிங்க கவனிக்கும்.

சேர்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். இப்ப புதுப் பிரச்சனை, பழைய ஸ்கூல்ல பாக்கி ஃபீஸ் கட்டுனாத்தான் டிசி தருவோம், எமிஸ்ல ரிலீஸ் பண்ணுவோம்னு சொல்றாங்க. முழுசா கட்ட இப்ப கையில இல்ல. இதுக்கு என்ன வழிங்க?

கணக்குவாத்தியார்

டிசி இல்லைன்னு அரசுப் பள்ளில சேர்க்க மறுக்க முடியாது மேடம், கல்வி உரிமைச் சட்டத்துல 5ஆவது பிரிவு, டிசி தாமதம் ஒரு காரணமே ஆகாது. ஆதார் நகல், பிறப்புச் சான்று எடுத்துட்டு போய் முதல்ல புள்ளைய க்ளாஸ்ல உக்கார வைங்க. எமிஸ் ரிலீஸுக்கு ஹெச்எம் மூலமா பழைய ஸ்கூலுக்கு ரிக்வெஸ்ட் போடச் சொல்லுங்க, அவங்க இழுத்தடிச்சா தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. மனுல பாக்கித் தொகைய பத்தி எழுதாதீங்க, டிசி கேட்ட தேதிய மட்டும் எழுதுங்க.

அப்புறம் அந்த ஆறாவது அக்காவும் உங்க பொண்ணும் ஒரே க்ளாஸா இருக்கும். டப்பால ரெண்டு இட்லி சேர்த்து வச்சு அனுப்புங்க.